சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் செம்பு: கரைந்திருப்பதில் எவ்வளவு தனி அயனி? – ஒரு நிகழ்வு ஆய்வு

உப்புநீரில் கரைந்த செம்புக்கு நீண்டகால வரம்பு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம் என்று கலிஃபோர்னியாவுக்கான நச்சுப்பொருள் விதி 2000-இல் வகுத்தது. மோல் கணக்கில் அது ஏறத்தாழ 49 நானோமோலார் (லிட்டருக்கு ஒரு மோலின் நூறு கோடியில் 49 பங்கு). சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடியில் செம்பு இந்த எல்லையைத் தொட்டும் சில வேளை தாண்டியும் நின்றது. சான் ஹோசே போன்ற நகரங்களின் சுத்திகரித்த கழிவுநீர் அங்கேதான் வந்து சேர்கிறது. வாகன பிரேக் கட்டைகளின் தூளும் படகுகளின் அடிப்பூச்சும் அதோடு கலக்கின்றன. தென்கோடியில் நீர்ப் பரிமாற்றம் மந்தம் என்பதால் வந்தது எளிதில் வெளியேறுவதில்லை.

விதிப்படி பார்த்தால் அந்த நீர் நச்சாக இருக்க வேண்டும். நீலப்பச்சைப் பாசிகளின் பெருக்கம், தனிச் செம்பு அயனி (வேறு எதோடும் பிணையாத செம்பு) 10⁻¹² மோலாரைத் தாண்டும்போதே குறையத் தொடங்குகிறது என்று பிராண்ட், சுண்டா, கில்லார்ட் மூவரும் 1986-இல் காட்டியிருந்தார்கள். 49 நானோமோலார் செம்பும் கரிமப் பொருளோடு பிணையாமல் கனிம வடிவில் மட்டும் இருந்தால் தனி அயனி அந்த எல்லைக்கு ஆயிரம் மடங்குக்கும் மேலே நிற்கும். ஆனால் மஸ்ஸல் சிப்பிக் கருக்களை விரிகுடா நீரில் வளர்த்துச் சோதித்தபோது, ஆய்வகத்தின் தூய கடல்நீரில் தாங்கியதைவிடக் கூடுதல் செம்பை அவை தாங்கின. செம்பை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. எது, எவ்வளவு, எத்தனை இறுக்கமாக என்பதுதான் அளக்க வேண்டியது.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் கிறிஸ்டன் பக், கென்னத் புரூலண்ட் இருவரும் 2003 ஜனவரியிலும் மார்ச்சிலும் ஆறு இடங்களில் நீர் எடுத்து இதை அளந்தார்கள். 2005-இல் வெளியான அந்த வேலையை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், ஒரே மாதிரியைப் பல போட்டி வலிமைகளில் (செம்புக்குப் போட்டியாகச் சேர்க்கும் பொருளின் பல அளவுகளில்) அளந்திருப்பதுதான். கரைந்த உலோகத்தின் வடிவங்களைப் பற்றி வரும் பல எண்கள் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில்தான் என்பது நம் கருத்து.

அளவீட்டின் அடிப்படை

தனிச் செம்பு அயனி 10⁻¹³ மோலார் அளவில் இருக்கும்போது அதை நேரே பார்க்கும் கருவியைக் கடல்நீரில் நம்புவது கடினம். அதனால் சுற்றுவழி. செம்பைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகளை ஈனிகள் என்பார்கள். நீரில் ஏற்கனவே இருக்கும் இயற்கை ஈனிகளுக்குப் போட்டியாக, பண்பு நன்கு தெரிந்த ஒரு செயற்கை ஈனியை அளந்து சேர்க்கிறோம். இரண்டும் செம்புக்காகக் கயிறு இழுக்கும். நம் பக்கம் வந்த செம்பு எவ்வளவு என்று தெரிந்தால், எதிர்ப்பக்கத்தின் வலுவைக் கணக்கிடலாம்.

போட்டி ஈனியாக இங்கே சாலிசிலால்டாக்சைம். செம்போடு அது சேர்ந்து உருவாகும் அணைவு மின்சுமையற்றது, பாதரசத் துளியின் மேல் ஒட்டிக்கொள்ளும். சில நிமிடம் ஒட்டவிட்டு, மின்னழுத்தத்தை எதிர்மறைப் பக்கம் நகர்த்தினால் செம்பு ஒடுங்கி மின்னோட்டச் சிகரம் ஒன்று எழும். சிகரத்தின் உயரம் நம் ஈனி பிடித்த செம்புக்கு நேர்விகிதம். இந்த இணையைக் கடல்நீருக்கு அளவுதிருத்தம் செய்து 1994-இல் காம்போஸ், வான் டென் பெர்க் இருவரும் தந்த மாறிலிகளே, அதாவது பிடியின் இறுக்கத்தைச் சொல்லும் எண்களே, இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவை உப்புத்தன்மையோடு மாறும். முதல் அணைவின் மாறிலி மடக்கை 10.12 − 0.37 × மடக்கை(உப்புத்தன்மை). இரண்டு ஈனி சேர்ந்த அணைவுக்கு 15.78 − 0.53 × மடக்கை(உப்புத்தன்மை). கழிமுக நீரில் இடத்துக்கு இடம் உப்பு மாறுவதால், 35-க்கான எண்ணை எல்லா மாதிரிக்கும் போட்டுவிடக் கூடாது.

மாதிரி

10 மி.லி. குப்பியில் 1 நானோமோலார் செம்பு என்றால் எடையில் 0.64 நானோகிராம். பித்தளைக் குழாய் மூட்டு, படகின் அடிப்பூச்சு, தூள் படிந்த கையுறை, இவற்றில் எது தொட்டாலும் அந்த அளவு வந்துவிடும். நீரோட்டம் எதிர்வரும் பக்கமாகக் குழாயை நீட்டி, படகை விட்டுத் தள்ளியே நீர் எடுக்க வேண்டும். பாதை முழுக்க டெஃப்லான் அல்லது பாலிஎத்திலீன். 0.45 அல்லது 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியை அமிலத்தில் கழுவி, அதே இடத்து நீரை ஒரு லிட்டராவது ஓடவிட்டபின் புட்டியில் பிடிக்கலாம். புட்டிகளுக்கு முதலில் சோப்பு நீர், பிறகு 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு வாரம், பிறகு அதிதூய 18.2 மெகாஓம் நீரில் பல முறை அலசல்.

ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு புட்டி. ஒன்று மொத்தக் கரைந்த செம்புக்கு. இதை அமிலமிட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்து, அளக்கும் முன் புற ஊதாக் கதிரில் வைத்துக் கரிமப் பொருளைச் சிதைக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் இறுக்கமாகப் பிணைந்த செம்பில் ஒரு பங்கு கணக்கில் வராது. மற்றது வடிவ ஆய்வுக்கு. இதில் அமிலம் ஒரு சொட்டும் படக் கூடாது. அமிலம் பட்டால் இயற்கை அணைவுகள் பிரிந்துவிடும். பிஎச்சைத் திரும்ப ஏற்றினாலும் பழைய நிலை அப்படியே மீளும் என்று சொல்ல முடியாது. சில நாளில் அளப்பதானால் இருட்டில் 4 டிகிரி. தாமதமாகும் என்றால் −20 டிகிரியில் உறையவைத்து, உருக்கியபின் நன்றாகக் குலுக்கிவிட்டுத் தொடங்கலாம். புட்டியை வாய்வரை நிரப்பி உறையவைத்தால் விரிந்து மூடி கசியும்; பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள்.

தரம்பார்த்தல்

செம்பைப் படிப்படியாகக் கூட்டி, சிகரம் எப்படி ஏறுகிறது என்பதை வளைகோடாக வரைவதே தரம்பார்த்தல். ஒரு போட்டி வலிமைக்கு 14 டெஃப்லான் குப்பிகள், ஒவ்வொன்றிலும் 10 மி.லி. மாதிரி. ஆக 140 மி.லி. ஐந்து வலிமைகளுக்கு 700 மி.லி. எனவே ஒரு லிட்டர் புட்டிக்குக் குறைவாக எடுத்து வந்தால் மறுபரிசோதனைக்கு நீர் மிஞ்சாது.

பிஎச்சை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசல்: 0.4 மோலார் அம்மோனியாவில் 1.5 மோலார் போரிக் அமிலம். குப்பிக்கு 50 மைக்ரோலிட்டர் போட்டால் 7.5 மில்லிமோலார், பிஎச் 8.2. இந்தக் கரைசலிலேயே செம்பு மாசு இருக்கும் என்று வைத்துக்கொண்டு, செலெக்ஸ்-100 பிசின் வழியே செலுத்திச் சுத்தப்படுத்திக்கொள்வது நல்லது.

30 நானோமோலார் செம்பு உள்ள மாதிரிக்குக் கூட்டும் செம்பின் வரிசை: 0, 0, 2, 4, 6, 8, 10, 15, 20, 30, 40, 60, 80, 100 நானோமோலார். பூச்சியம் இரண்டு குப்பியில் இருப்பது வேண்டுமென்றே. முதல் குப்பியின் எண்தான் கடைசிக் கணக்கைத் தாங்குகிறது. அது ஒற்றையாக நின்றால் பிழை தெரியாது. செம்பைக் கூட்டியபின் குறைந்தது 2 மணி நேரம் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் சாலிசிலால்டாக்சைம். அது சேர்ந்தபின் 15 நிமிடமாவது சமநிலைக்கு. புதிய வகை நீர் கையில் வந்தால் 15 நிமிடம், 2 மணி, ஓர் இரவு என்று மூன்று நேரங்களில் ஒரே குப்பியின் இரட்டைகளை அளந்து பாருங்கள். சிகரம் ஏறிக்கொண்டே போனால் 15 நிமிடம் போதவில்லை.

ஈனிக் கரைசல் 10 மில்லிமோலார்: 34.3 மில்லிகிராம் சாலிசிலால்டாக்சைமை 25 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் போதும். 25 மைக்ரோமோலாருக்கு இதில் 25 மைக்ரோலிட்டர். 1 மைக்ரோமோலாருக்குப் பத்து மடங்கு நீர்த்துவிட்டு 10 மைக்ரோலிட்டர். மெத்தனால் ஆவியாகும். மூடி சரியாக இறுகாத புட்டியில் செறிவு ஏறிக்கொண்டே போக, ஒரு மாதத்துக்கு முன் எடுத்த வளைகோடும் இன்றையதும் ஒத்துவராமல் போகும். குளிரில் வையுங்கள், எடையைக் குறித்து வையுங்கள்.

குப்பிகளை இடம் மாற்றக் கூடாது. 100 நானோமோலார் கண்ட குப்பி என்றைக்கும் 100-க்கே. சுவரில் ஒட்டிய செம்பு அடுத்த முறை பூச்சியக் குப்பியில் இறங்கினால், ஈனியே இல்லை என்று வளைகோடு சொல்லும். முதல் அளவீட்டுக்கு முன்பே அதே மாதிரி, அதே செம்பு, அதே தாங்கல் கரைசலோடு குப்பிகளை ஓர் இரவு பழக்கிவிட வேண்டும்.

மின்கலத்தில் அளக்கும்போது குறைந்த செம்பிலிருந்து கூடியதற்குச் செல்க. கிளறும் வேகம், துளியின் அளவு, ஒட்டவிடும் நேரம் எதுவும் ஒரு வளைகோட்டுக்குள் மாறக் கூடாது. நைட்ரஜன் ஊதினால் எல்லாக் குப்பிக்கும் ஒரே நேரம் ஊதுங்கள். ஒவ்வொரு குப்பியும் மூன்று சிகரம். மூன்றும் சில விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகாவிட்டால் துளி சரியாக விழவில்லை, அல்லது நுண்குழாயில் காற்று நுழைந்திருக்கிறது.

போட்டி வலிமை ஏன் பல வேண்டும்

போட்டி ஈனியின் வலிமையைப் பக்கவினைக் குணகம் என்ற ஒற்றை எண்ணால் சொல்வது வழக்கம். நம் ஈனியோடு சேர்ந்த செம்பு, தனிச் செம்பு அயனியைவிட எத்தனை மடங்கு என்பதே அது. மேலே சொன்ன மாறிலிகளைக் கொண்டு உப்புத்தன்மை 25 உள்ள நீருக்குக் கணக்கிட்டால்:

1 மைக்ரோமோலார் – 5,100
2.5 மைக்ரோமோலார் – 17,000
5 மைக்ரோமோலார் – 47,000
10 மைக்ரோமோலார் – 1,50,000
25 மைக்ரோமோலார் – 7,80,000

இப்போது ஒரு மாதிரியைக் கற்பனை செய்வோம்: செம்பு 30 நானோமோலார், வலுவான இயற்கை ஈனி 50 நானோமோலார், அதன் மாறிலி மடக்கை 13.5. செம்பு எதுவும் கூட்டாத குப்பியில் நம் ஈனி பிடிப்பது, 1 மைக்ரோமோலாரில் 0.24 நானோமோலார்தான். சிகரம் இரைச்சலில் மூழ்கிவிடும். 5 மைக்ரோமோலாரில் 1.9 நானோமோலார். 25 மைக்ரோமோலாரில் சுமார் 13 நானோமோலார், அதாவது மொத்தத்தில் 43 விழுக்காடு, நம்பிக்கையோடு அளக்கலாம்.

ஆக 1 மைக்ரோமோலாரில் மட்டும் அளப்பவருக்கு வலுவான ஈனியின் மாறிலி கிடைக்காது. முதல் சில குப்பிகள் வெறுமையாக நிற்கும், 20 நானோமோலார் கூட்டியபின் சிகரம் எழத் தொடங்கும், அதற்கு மேல் அவர் அளப்பது பலவீனமான இரண்டாம் வகை ஈனியை. மென்பொருளோ இரண்டையும் கலந்து ஒரு நடுத்தர மாறிலியைத் தயங்காமல் தந்துவிடும். மறுபக்கம், 25-இல் மட்டும் அளப்பவருக்குப் பலவீனமான ஈனி கண்ணிலேயே படாது. அது பிடித்த செம்பையெல்லாம் நம் ஈனி பறித்துக்கொள்ளும். நம் ஈனியின் குணகத்துக்கு மேலும் கீழும் ஏறத்தாழ பத்து மடங்குக்குள் இருக்கும் இயற்கை ஈனிகளே ஒரு வளைகோட்டில் ஒழுங்காகத் தெரியும். இந்த வீச்சே அந்த அளவீட்டின் ஜன்னல்.

இதே விரிகுடாவின் தென்பகுதியில் 1994-இல் வெளிவந்த அளவீடுகள், செம்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கரிம ஈனிகளிடம் இருப்பதாகச் சொன்னன. மீதி ஒரு பங்கு கனிம வடிவில் என்றால் உயிரினங்களுக்கு அது மிகப் பெரிய அளவு. பல வலிமைகளில் அளந்த 2003 மாதிரிகளில் கரிமப் பங்கு 99.9 விழுக்காட்டைத் தாண்டியது. பத்தாண்டு இடைவெளியில் நீரும் மாறியிருக்கலாம். ஆனாலும் வித்தியாசத்தில் பெரும் பங்கு அளந்த ஜன்னலைச் சேர்ந்தது என்றே நாம் படிக்கிறோம்.

வளைகோட்டிலிருந்து எண்ணுக்கு

சிகர உயரத்தைச் செறிவாக மாற்றும் உணர்திறன், அதாவது ஒரு நானோமோலாருக்கு எத்தனை நானோஆம்பியர் என்பது, எல்லாக் கணக்குக்கும் ஆணிவேர். வளைகோட்டின் கடைசி நான்கைந்து புள்ளிகள் நேர்கோடாகத் தெரிந்தால் அதன் சரிவையே உணர்திறனாக எடுப்பது வழக்கம். அங்கே இயற்கை ஈனிகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்பது இதன் அனுமானம். கழிமுக நீரில் பலவீனமான ஈனிகள் நூற்றுக்கணக்கான நானோமோலார் இருக்கும்; நேர்கோடு போலத் தெரியும் இடத்திலும் அவை கொஞ்சம் செம்பை விழுங்கிக்கொண்டிருக்கும். சரிவு குறையும். குறைந்த சரிவால் வகுத்தால் நம் ஈனியிடம் உள்ள செம்பு உண்மையைவிடக் கூடுதலாக வரும். அதனால் இயற்கை ஈனியின் அளவும் மாறிலியும் குறைந்து, தனிச் செம்பு அயனி கூடிவிடும். இந்தப் பிழை எப்போதும் நச்சைப் பெரிதாக்கிக் காட்டும் பக்கமே சாய்கிறது.

திருத்த இரண்டு வழி. அதே மாதிரியில் சாலிசிலால்டாக்சைமை மிகுதியாகப் போட்டு இயற்கை ஈனிகளை முழுக்கத் தோற்கடித்து அங்கே சரிவை எடுப்பது ஒன்று. எல்லா ஜன்னல்களின் வளைகோடுகளையும் ஒரே கணக்கில் சேர்த்து, ஈனிகளின் ஒரே தொகுப்பு அத்தனைக்கும் பொருந்த வேண்டும் என்று நெருக்குவது இன்னொன்று. இரண்டாவது வழி கடினம். ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் மறைந்துபோகும் முரண்பாடு அதில் வெளியே வரும். புற ஊதாக் கதிரில் சிதைத்த நீரில் உணர்திறனை அளந்து இயற்கை மாதிரிக்குப் போடுவது மட்டும் வேண்டாம். பாதரசத் துளியில் இடம் பிடித்துச் சிகரத்தைத் தணிக்கும் ஹியூமிக் பொருள்கள் (மட்கிய தாவரங்களிலிருந்து வரும் கரிமப் பொருள்கள்) சிதைத்த நீரில் இல்லை.

உணர்திறன் கிடைத்தபின், ருசிச் என்பவரின் பெயரால் வழங்கும் பழைய நேர்கோட்டு முறை இன்றும் கண்ணுக்கு உதவும். நம் ஈனியிடம் உள்ள செம்பை இயற்கை ஈனியிடம் உள்ளதால் வகுத்து, முன்னதற்கு எதிராக வரைந்தால், ஒரே வகை ஈனிக்கு நேர்கோடு. சரிவின் தலைகீழ் ஈனியின் அளவு. தொடக்கத்தில் வளைந்தால் இரண்டு வகை. இறுதி எண்ணை நேர்கோடல்லாத பொருத்தத்தில் எடுங்கள். 2015-இல் வெளிவந்த புரோஎம்சிசி போன்ற மென்பொருள் அதற்கு உண்டு. மொத்தச் செம்பின் பிழை நேராக ஈனியின் அளவில் ஏறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது: மொத்தத்தில் 2 நானோமோலார் தவறினால் ஈனியிலும் ஏறத்தாழ 2 தவறும்.

அந்த 2 சிறிதாகத் தெரியலாம். 30 நானோமோலார் செம்புக்கு 50 நானோமோலார் ஈனி இருந்தால் மிச்ச ஈனி 20. தனி அயனி 4.7 × 10⁻¹⁴ மோலார். ஈனி 32 தான் என்றால் மிச்சம் 2. தனி அயனி பத்து மடங்கு. ஈனி 28 என்றால் 2 நானோமோலார் செம்பு பலவீனமான ஈனிகளிடமும் கனிம வடிவிலும் போய் நிற்கும். தனி அயனி பல நூறு மடங்கு ஏற இடமுண்டு. எனவே மிச்சம் எவ்வளவு என்பதைத்தான் இந்த ஆய்வு முழுவதும் தேடுகிறது.

2003-இன் முடிவும் அதன் எல்லையும்

ஆறு இடங்களிலும் கரைந்த செம்பு ஏறத்தாழ 18 முதல் 50 நானோமோலார் வரை இருந்தது. உச்சம் 3.1 மைக்ரோகிராம் வரம்பைத் தொடுகிறது. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் வலுவான ஈனி செம்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. தனிச் செம்பு அயனி எங்கும் 10⁻¹³ மோலாரைத் தாண்டவில்லை. நீலப்பச்சைப் பாசிகளின் எல்லைக்குப் பத்து மடங்கு கீழே. விரிகுடாவின் தென்கோடியில், டம்பார்ட்டன் பாலத்துக்குத் தெற்கே உள்ள நீருக்கு 2002-இலேயே, சிப்பிக் கருச் சோதனைகளின் அடிப்படையில், 6.9 மைக்ரோகிராம் என்ற இடத்துக்குரிய வரம்பு ஏற்கப்பட்டிருந்தது. வடக்கு, நடுப் பகுதிகளுக்கு 2007-இல் 6.0. உயிரியல் சோதனை சொன்னதற்கு ஈனி அளவீடு வேதியியல் காரணம் தந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை உரக்கச் சொல்லப்பட வேண்டும். 6.9 மைக்ரோகிராம் என்பது 109 நானோமோலார். 2003-இல் அளந்த மிச்ச ஈனி, அன்றைய செம்புக்குப் போதுமானது. 109-க்கும் போதும் என்று அதிலிருந்து பெற முடியாது. செம்பு ஏற ஏற ஈனியும் ஏறுமா? செம்பின் அழுத்தத்தில் நீலப்பச்சைப் பாசிகள் வலுவான ஈனியைச் சுரக்கின்றன என்பது 1990-களில் ஆய்வக வளர்ப்புகளில் கண்டது. விரிகுடாவில் அதோடு கழிவுநீர், சேற்றுப் படிவு, ஹியூமிக் பொருள் எனப் பல ஊற்றுகள். எந்த ஊற்று எவ்வளவு என்று பிரிக்காமல் வரம்பை அதன் மேல் ஏற்றுவது சரியான வேலை ஆகாது. பிரேக் கட்டைகளில் செம்பை 2021-க்குள் 5 விழுக்காட்டுக்கும் 2025-க்குள் 0.5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவரும் மாநிலச் சட்டம் 2010-இல் வந்தது. வரம்பைத் தளர்த்தியதைவிட இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

அளவீட்டு முறைக்கும் எல்லை உண்டு. எல்லாம் பிஎச் 8.2-இல், அறை வெப்பத்தில் நடந்தது. கழிமுகத்தின் உள்பகுதியில் பிஎச் 7.7 வரை இறங்கும். அங்கே ஈனியின் பிடி வேறாக இருக்கும். இன்னொன்று இன்னும் ஆழமானது. கணக்கு முழுவதும், இயற்கை அணைவு பிரிந்து சேர்ந்து சமநிலைக்கு வருகிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. அண்மைக் காலத்தில் கரைப்பான் பிரித்தெடுப்பு முறையில் திறந்த கடல்நீரை அளந்தவர்கள், செம்பில் கணிசமான பங்கு எந்தப் போட்டிக்கும் அசையாத மந்த வடிவில் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு பங்கு இந்த விரிகுடாவிலும் இருந்தால், தரம்பார்த்தல் அதை மிக வலுவான ஈனி பிடித்ததாகவே எண்ணி மாறிலியை மேலே தள்ளும். சோதிக்க வழி உண்டு. ஒரே மாதிரியில் 25 மைக்ரோமோலார் சாலிசிலால்டாக்சைமைப் போட்டு 15 நிமிடம் முதல் 24 மணி நேரம் வரை சிகரத்தைப் பின்தொடருங்கள். பிறகு அதே நீரைப் புற ஊதாக் கதிரில் வைத்து மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளிலும் நம் ஈனியிடம் வராமல், கதிருக்குப் பின் மட்டும் வெளிப்படும் செம்பில் மந்தப் பங்கு ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. போட்டி ஈனியை மேலும் கூட்டியும் அது அசையாவிட்டால், ஈனியின் அட்டவணையில் அதைச் சேர்க்காமல் தனி வரியாக எழுத வேண்டும்.